ஆங்கிலப் பாடத்தில் கருத்தும் காலமும்

ஆங்கிலத் தேர்வு என்றதும் நம் மாணவிகள் அஞ்சுகிற பகுதிகள் இரண்டு. முன்பின் பார்த்திராத ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து, "இதன் மையக்கருத்து யாது?" என்று கேட்பது ஒன்று. வினைச்சொல்லை உரிய இறந்தகால வடிவில் எழுதச் சொல்வது மற்றொன்று. முன்னதைக் 'காம்ப்ரிஹென்ஷன்' என்றும் பின்னதை 'டென்ஸ்' என்றும் தனித்தனி நோட்டுகளில் எழுதி வைத்துக்கொள்கிறோம். தேர்வுக்கு முந்திய இரவில் இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் இவை ஒரே வீட்டின் இரு கதவுகள். எதன் வழியாக நுழைந்தாலும் உள்ளே போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். இதை விளக்க வெளியூர் எடுத்துக்காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் கோவளத்துக் கடற்கரையிலேயே அது கிடைக்கிறது.

கோவளத்தில் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆஸ்டெண்டுக் கம்பெனி என்ற ஐரோப்பிய வணிகக் குழுவினர் இங்கே தங்கி வாணிகம் செய்தனர். அவர்களுக்குப்பின் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன்கான் இங்கே ஒரு கோட்டையை எழுப்பினார். 1752-ஆம் ஆண்டில் அந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. செங்கல்பட்டுக் கோட்டையும் அவர்கள் வசமே இருந்தது. இவ்விரண்டையும் பிடிப்பதற்காக ராபர்ட் கிளைவ் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

அவருடன் வந்த படையைப் படை என்று சொல்லவே தயங்க வேண்டும். புதிதாகச் சேர்க்கப்பட்ட சிப்பாய்கள் 500 பேர், இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் கப்பலில் வந்திறங்கியவர்கள் 200 பேர். இவர்களில் எவருக்கும் போர்ப் பழக்கம் இல்லை. கோவளத்துக் கோட்டையிலிருந்து வந்த குண்டு ஒன்று ஒருவனைக் கொன்றதும் மற்ற எல்லோரும் திரும்பி ஓட்டம் பிடித்தனர். கிளைவ் பெரும்பாடுபட்டு அவர்களைத் திரட்டிக் கொண்டுவந்தார். மற்றொரு சமயம் பீரங்கிச் சத்தத்தில் காவல்காரர்கள் மிரண்டு ஓடினார்கள். அவர்களில் ஒருவனைச் சில மணி நேரம் கழித்து ஒரு கிணற்றின் அடியில் கண்டெடுத்தார்களாம்.

கடைசியில் கோவளத்துக் கோட்டை பணிந்தது. அதன்பின் கிளைவுக்கு ஒரு செய்தி எட்டியது. கோவளத்தைக் காப்பாற்றச் செங்கல்பட்டிலிருந்து ஒரு பெரிய படை வந்துகொண்டிருந்தது. கோட்டை ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது என்பது அந்தப் படைக்குத் தெரியாது. அது தெரியாதபடியே கிளைவ் பார்த்துக்கொண்டார். வரும் வழியில் தம் ஆட்களை மறைத்து வைத்தார். ஒரே சமயத்தில் சுட்டதில் 100 பேர் மாண்டனர், 300 பேர் பிடிபட்டனர். மிஞ்சியவர்களைச் செங்கல்பட்டுக் கோட்டை வாசல் வரை துரத்திக்கொண்டு போய், அந்தக் கோட்டையையும் உடனே முற்றுகையிட்டார். மதிலில் உடைப்பு ஏற்பட்டதும் பிரெஞ்சுத் தளபதி பணிந்து, தம் ஆட்களுடன் வெளியேறினார்.

இந்த வரலாற்றை மெக்காலே பிரபு 1840-இல் கிளைவைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் காணலாம். நம் நாட்டில் ஆங்கிலக் கல்வி வேரூன்றக் காரணமான 1835-ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதியவரும் இவரே. கீழ்நாட்டு நூல்களை அவர் எடைபோட்ட விதம் நமக்கு உவப்பானதன்று. ஆயினும் ஒரு நிகழ்ச்சியை எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எந்த வினையை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவர் கைதேர்ந்தவர். பகைவரானாலும் கற்கத் தக்கதைக் கற்றுக்கொள்வதில் தவறில்லை அன்றோ?

இனித் தேர்வுக்கு வருவோம். மேலே சொன்ன வரலாறு ஓர் ஆங்கில உரைப்பகுதியாக வந்து, மையக்கருத்து கேட்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவிகள் பொதுவாக மூன்று விதமாக விடை எழுதுவார்கள். சிலர் முதல் வாக்கியத்தை அப்படியே பெயர்த்து எழுதுவார்கள். சிலர் எண்கள் உள்ள வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வார்கள்; 500, 200, 100, 300 என்று கண்ணில் பட்டதெல்லாம் முக்கியம் என்று அவர்களுக்குத் தோன்றும். இன்னும் சிலர் கிணற்றுக்குள் ஒளிந்தவனை விடவே மாட்டார்கள். அவன் நமக்கும் பிடித்தவன்தான். இந்தக் கதையில் யார் மறந்தாலும் அவனை மறக்கமாட்டோம். ஆனால் சுவையானது வேறு, முக்கியமானது வேறு. அவனை நீக்கிவிட்டுப் படித்துப் பாருங்கள், கதை நிற்கிறது. எண்களையும் நீக்கிப் பாருங்கள், அப்போதும் நிற்கிறது. 'கோட்டை வீழ்ந்தது வந்த படைக்குத் தெரியாது' என்ற ஒன்றை நீக்கிப் பாருங்கள். ஏன் 100 பேர் மாண்டார்கள், ஏன் செங்கல்பட்டு அவ்வளவு விரைவில் விழுந்தது என்பது ஒன்றுமே விளங்காது. எதை எடுத்தால் மற்றவை சரிகின்றனவோ அதுவே மையக்கருத்து. பந்தலில் எந்தக் கால் நடுக்கால் என்று அறிய, ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது போன்றது இது.

எதைப் பற்றி எழுதப்பட்டிருக்கிறது என்பதும், அதைப் பற்றி என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதும் இரண்டு கேள்விகள். 'கோவளத்துக் கோட்டை' என்று எழுதினால் அது பொருள் மட்டுமே. 'கோவளம் வீழ்ந்த செய்தி எட்டாததால் செங்கல்பட்டுப் படை அழிந்தது' என்று எழுதினால் அது கருத்து. முன்னதில் வினைச்சொல் இல்லை, பின்னதில் இருக்கிறது. மையக்கருத்து என்று எழுதிய விடையில் வினைச்சொல் இல்லையென்றால், நாம் இன்னும் தலைப்பைத்தான் எழுதியிருக்கிறோம் என்று அறிந்துகொள்ளலாம்.

இங்கேதான் காலம் வந்து சேருகிறது. இந்தக் கருத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். செங்கல்பட்டுப் படை வந்தபோது கோட்டை விழுந்தது என்னும் பொருளில் 'ஃபெல்' என்று எழுதினால், படை வந்த வேளையிலே அது விழுந்தது என்று ஆகும். 'வாஸ் ஃபாலிங்' என்று எழுதினால், வீழ்ந்துகொண்டிருந்தது, இன்னும் காப்பாற்றலாம் என்று ஆகும். 'ஹேட் ஃபாலன்' என்று எழுதினால்தான் உண்மை வரும். அவர்கள் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. அந்தப் படைவீரர்களின் நெஞ்சில் இருந்தது 'வாஸ் ஃபாலிங்'. நடந்திருந்தது 'ஹேட் ஃபாலன்'. இவ்விரண்டிற்கும் இடையில் இருந்த வேறுபாட்டில் 100 உயிர்கள் போயின. இலக்கணம் வெறும் மதிப்பெண்ணுக்காக என்று நினைக்கிற மாணவிகள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

ஆக, ஆங்கிலத்தில் கதையோ வரலாறோ செய்தியோ சொல்லும்போது மூன்று வடிவங்களும் மூன்று வேலை செய்கின்றன. 'வென்ட்', 'கேம்', 'ஃபெல்' போன்ற சாதாரண இறந்தகாலம் கதையை முன்னே நடத்திச் செல்லும். 'வாஸ் கமிங்' போன்ற தொடர் இறந்தகாலம், அந்த நேரத்தில் பின்னணியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று காட்டும். 'ஹேட்' சேர்ந்த நிறைவு இறந்தகாலம் கதையை ஒரு கணம் நிறுத்தி, பின்னால் திரும்பிப் பார்க்கும். ஆகையால் உரைப்பகுதி கையில் வந்ததும் பென்சிலை எடுத்துச் சாதாரண இறந்தகால வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். அவற்றை மட்டும் தொடர்ந்து வாசித்தால் கதையின் எலும்புக்கூடு தெரியும். பிறகு 'ஹேட்' எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆசிரியர் கதையை நிறுத்திப் பின்னால் திரும்ப ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும். பெரும்பாலும் நிகழ்ச்சியின் காரணம் அந்த வாக்கியத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அறிவியல் பகுதிகளுக்கு இம்முறை உதவாது. அவை பெரும்பாலும் நிகழ்காலத்தில் எழுதப்பட்டிருக்கும். அங்கே எதை எடுத்தால் சரிகிறது என்ற சோதனை ஒன்றே போதும்.

நம் தாய்மொழி இதில் நமக்கு உதவியா, இடைஞ்சலா? இரண்டும்தான் என்று சொல்ல வேண்டும். உதவியை முதலில் பார்ப்போம். 'கோ' என்பது 'வென்ட்' ஆவதும், 'பை' என்பது 'பாட்' ஆவதும், 'சிங்' என்பது 'சேங்' ஆவதும் பெரிய அநியாயம் என்று மாணவிகள் முறையிடுவதுண்டு. தமிழில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? பவணந்தி முனிவர் நன்னூலில் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகள் த், ட், ற், இன் என நான்கு என்று வகுத்தார். செய்தாள், உண்டாள், தின்றாள், பாடினாள் என்று நாம் ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொன்றைச் சேர்க்கிறோம். வா என்பது வந்தாள் என்று குறுகுகிறது. பாடினாள் என்பதைப் 'பாட்டாள்' என்று எந்தக் குழந்தையும் நெடுநாள் சொல்வதில்லை. நன்னூலைப் படித்தா அது கற்றுக்கொண்டது? இல்லை, காதால் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டது. ஆங்கில வினைகளையும் அட்டவணையாக மட்டும் பாராமல், வாக்கியத்தோடு வாய்விட்டுப் படித்தால் காது அவற்றைப் பிடித்துக்கொள்ளும்.

இடைஞ்சல் வேறிடத்தில் இருக்கிறது. "நேற்று மாமல்லபுரம் போயிருந்தோம்" என்று தமிழில் இயல்பாகச் சொல்கிறோம். போய், பார்த்து, திரும்பியும் வந்துவிட்டோம் என்பது அதன் பொருள். அதையே ஆங்கிலத்தில் 'வி ஹேட் கான் டு மாமல்லபுரம் யெஸ்டர்டே' என்று எழுதுகிறோம். தமிழிலுள்ள 'இருந்தோம்' ஆங்கிலத்தில் 'ஹேட்' ஆகிவிடுகிறது. இங்கே 'வி வென்ட்' என்பதே போதும். 'ஹேட்' என்பது தனியே நிற்காது. கடந்துபோன இன்னொரு நிகழ்ச்சி பக்கத்தில் இருந்து, இது அதற்கு முந்தியது என்று காட்ட வேண்டியபோதுதான் அது வேண்டும். "நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது" என்றால் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அங்கே 'ஹேட் கான்' என்பது பொருந்தும். பெரியவர்கள் எழுதும் விண்ணப்பங்களிலும் கடிதங்களிலும்கூட இந்தத் தேவையில்லாத 'ஹேட்' எங்கும் நிறைந்திருக்கிறது. தமிழ் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் வருவது இது.

இன்னொன்று 'டிட் நாட் வென்ட்'. தமிழில் 'போகவில்லை' என்கிறோம். அந்தச் சொல்லில் காலம் காட்டும் இடைநிலை எதுவுமே இல்லை. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான். காலத்தை நாமே ஊகித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சுமையை 'டிட்' சுமக்கிறது. ஒருவர் தலையில் குடம் இருக்கும்போது பக்கத்தில் வருபவருக்கும் அதே குடத்தைக் கொடுக்க முடியாது. ஆகையால் 'டிட் நாட் கோ' என்று வினை வெறுங்கையோடு நடக்கும்.

ஆண்டோ நாளோ சொல்லிவிட்டால் 'ஹேஸ்', 'ஹேவ்' வரக்கூடாது என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். நம் கோவளம் கடற்கரை 2021-இல் நீலக்கொடிச் சான்றிதழ் பெற்றது. அதை எழுதும்போது 'காட்' என்றோ 'ரிசீவ்ட்' என்றோ எழுத வேண்டும். 2021 என்ற ஆண்டைச் சேர்த்தபின் 'ஹேஸ் ரிசீவ்ட்' என்பது பிழை.

இதுவரை சொன்னது 1752-ஆம் ஆண்டுக் கதை. நம் வீடுகளுக்கு நெருங்கிய ஒன்றையும் சொல்ல வேண்டும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்ரா தீவின் அருகே கடலடியில் நிலம் அதிர்ந்தது. சென்னைப் பகுதிக் கரையை ஆழிப்பேரலை அடைந்தபோது மணி ஏறக்குறைய ஒன்பது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நாட்டில் அப்போது ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் எதுவும் இல்லை. ஐதராபாத்தில் அது அமைந்தது 2007-இல்.

இதைப் பற்றிய பத்தி ஒன்றுக்கு மையக்கருத்து எழுதச் சொன்னால், அலையின் உயரத்தையும் இழப்பின் எண்ணிக்கையையும் எழுதத்தான் கை முதலில் போகும். ஆனால் 'ஹேட்' வைத்து எழுதக்கூடிய வாக்கியங்களைத் தேடுங்கள். அலை வந்தபோது நிலம் அதிர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. செய்தி மட்டும் வந்திருக்கவில்லை. கடல் கொண்டுவந்த துயரத்தில் ஒரு பகுதி, நேரம் இருந்தும் சொல்வாரின்றிப் போனதால் வந்தது. செங்கல்பட்டுப் படைக்கு நேர்ந்ததும் செய்தி எட்டாமையே. பகைவன் மறைத்தது அங்கே. சொல்ல ஓர் ஏற்பாடே இல்லாதது இங்கே. மையக்கருத்தைக் கண்டுபிடித்தால்தான் இரு வேறு காலத்து நிகழ்ச்சிகளை இப்படிப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

கடலோர வீட்டுப் பிள்ளை ஒருத்தி அந்த நாளைப் பற்றித் தன் அம்மா சொல்லக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அலை வந்தபோது பாட்டி ஓடினார் என்று 'ரேன்' போட்டால், அலையைக் கண்டபின் ஓடத் தொடங்கினார் என்று பொருள். 'வாஸ் ரன்னிங்' என்றால், அலை வரும்போதே ஓடிக்கொண்டிருந்தார். பிறகு என்ன ஆயிற்றோ என்று படிப்பவர் நெஞ்சு பதைக்கும். 'ஹேட் ரன்' என்று எழுதி, மேட்டுத் தெருவுக்கு என்றும் சேர்த்தால், அலை வருமுன்பே அவர் மேட்டுக்குப் போய்விட்டிருந்தார். பாட்டி பிழைத்தாரா இல்லையா என்பதை அந்த வினை வடிவமே சொல்லிவிடுகிறது. தன் வீட்டில் நடந்ததைத் தவறான காலத்தில் எழுதுவது, நடக்காத ஒன்றை எழுதுவதற்குச் சமம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே, பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?" என்று கேட்கும் தாய்மார்கள் உண்டு. ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே, வலை பின்னிக்கொண்டே, இரண்டு கேள்வி கேட்டால் போதும். இன்று படித்த பாடத்தில் என்னதான் சொன்னார்கள், ஒரே வாக்கியத்தில் தமிழிலேயே சொல் என்பது முதற்கேள்வி. மகள் ஐந்து நிமிடம் சொன்னால், இன்னும் கருத்தைப் பிடிக்கவில்லை என்று அறியலாம். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பது இரண்டாம் கேள்வி. அதற்குத் தடுமாறாமல் விடை சொல்கிற பெண் 'ஹேட்' போடுவதிலும் தடுமாறமாட்டாள். கதை கேட்கிற பாவனையில் கேட்க வேண்டும். தேர்வு நடத்துகிற குரலில் கேட்டால் அந்தப் பிள்ளை மறுநாள் முதல் அடுப்படிப் பக்கமே வராது!

விடுமுறையில் செய்து பார்க்க ஒரு சிறு பயிற்சி. கீழ்வரும் ஐந்து வாக்கியங்களையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். பீரங்கி முழங்கியது. காவல்காரன் மிரண்டு ஓடினான். நண்பர்கள் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவன் கிணற்றுக்குள் இறங்கியிருந்தான். சில மணி நேரம் கழித்து அவனைக் கண்டெடுத்தார்கள். இவற்றில் 'ஹேட்' ஒரே ஓர் இடத்தில்தான் வர வேண்டும். எங்கே என்று கண்டுபிடித்தபின், இந்த ஐந்து வாக்கியங்களின் மையக்கருத்தையும் ஒரே வரியில் எழுதி, பள்ளி திறந்ததும் உங்கள் ஆங்கில ஆசிரியையிடம் காட்டுங்கள்.